பின் சக்கரத்துக்குப் புது டயர்

போன சனிக்கிழமை ஆலங்காயத்தில் ஒரு டயர்க் கடைக்குள் நுழைந்ததும் புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. என் கை தானாகப் போய், அடுக்கி வைத்திருந்த டயரில் முளைத்திருந்த ரப்பர் முடி ஒன்றைப் பிடுங்கியது. உடனே உன் குரல் கேட்டது: "பிடுங்காத. அது இன்னா உன் வூட்டுக் கோழியா?" திரும்பிப் பார்த்தால் கடைக்காரர்தான் நின்றிருந்தார், காதில் பென்சிலோடு. அவர் வாயே திறக்கவில்லை. நீ செத்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் டயர்க் கடைகளுக்கு எனக்கு முன்னால் வந்து நிற்கிறாய்.

மகள் பவித்ராவோடு போயிருந்தேன். நீ "பாப்பா" என்று கூப்பிட்டவளுக்கு இப்போது இருபத்து நாலு வயசு. ஆலங்காயத்தில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பஸ் நேரம் ஒத்துவராது என்பதால், எங்கள் பழைய காரை அவளே ஓட்டிக்கொண்டு தினமும் மலையிறங்கி ஏறுவதாக முடிவு. ஐப்பசி மழை வேறு தொடங்கிவிட்டது. நாலு டயரில் இரண்டு பாதிதான் தேய்ந்திருந்தன, இரண்டு மொட்டையாகிவிட்டன. அந்த இரண்டை மாற்றத்தான் போனோம்.

கடைக்காரர் புது டயரை உருட்டிக்கொண்டே, "முன்னாடிதானுங்க?" என்றார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. சோறு போட்டுவிட்டுக் குழம்புதானே என்று கேட்கிற மாதிரி.

"பின்னாடி போடுங்க," என்றேன்.

பவித்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏம்பா, மறுபடியுமா? அந்த டயர்க்கடை மாமா அன்னிக்கி பின்னாடிதான போட்டாரு? போட்ட வாரமே வண்டி சுத்துச்சு. தையல் போட்டது எனக்குப்பா, உனக்கில்ல."

கடைக்காரர் ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.  அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதுவதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாதது.

மலை மேல் எங்கள் ஜமுனாமரத்தூரில் நீ டயர்க் கடை போட்ட நாளிலிருந்தே உன் மேல் எனக்குச் சந்தேகம். கலசப்பாக்கத்துக்காரன். நெல்லும் தண்ணீருமாக இருக்கிற ஊரை விட்டுவிட்டு ஒருத்தன் மலையேறி வருகிறான் என்றால், கீழே என்னவோ செய்துவிட்டுத்தான் வந்திருப்பான் என்று நானே வழக்கை விசாரித்து நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். எங்கள் மலைக்காரர்களுக்கு அது பழக்கம். கீழேயிருந்து வந்தவர்கள் எங்கள் சாமையையும் கடுக்காயையும் கள்ள எடை போட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அது போதாதென்று நான் புளி வியாபாரி. மூட்டையின் மேலே நல்ல புளி தெரிந்தால், அடிவரை கையை விட்டுப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு நின்றுவிட்டேன். மிச்சப் படிப்பெல்லாம் மூட்டையின் அடியில் படித்ததுதான்.

அகல டயர் கதையை நீ மறந்திருக்க மாட்டாய். வாணியம்பாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவன், மண்டப வாசலில் நின்ற ஒரு காரின் அகலமான டயரையும் பளபளக்கிற அலாய் வீலையும் பார்த்து மயங்கிவிட்டேன். மறுவாரமே அதே மாதிரி நாலு மாட்டிக்கொண்டு, வேண்டுமென்றே உன் கடை முன்னால் மெதுவாகப் போனேன். நீ லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாய்.

"பொண்ணு பாக்கப் போற மாப்ள மாதிரி கீது வண்டி."

"நல்லா கீதுதான?"

"ஷூ நல்லாத்தான் கீது. நடக்க முடியுதா கேட்டியா?"

உன்னிடம் வாங்கவில்லை என்ற வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு மாதத்துக்குள் எனக்கே தெரிந்துவிட்டது. நின்ற இடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்ப மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கொண்டை ஊசி வளைவில் முழுசாக ஒடித்தால் டயர் மட்காடில் உரசி, ஆட்டுக்கல்லில் எதையோ அரைக்கிற சத்தம். வெட்கத்தை விட்டு உன்னிடம் வந்தேன். நீ சாவியை வாங்கிக்கொண்டு, "பின்னாடி ஒக்காரு," என்றாய். உன் தொழில் முறை அது. வண்டிக்காரனிடம் எதையும் வாயால் சொல்லமாட்டாய். அவனைப் பின் சீட்டில் உட்கார வைத்து, காவலூர்ப் பக்கம் ஒரு நடை ஓட்டிக் காட்டுவாய். வண்டி ஓட்டுகிறவன் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அவனுக்கு எதுவும் தெரியாது, டயரைப் பற்றிப் பின்னால் இருக்கிறவனைத்தான் கேட்க வேண்டும் என்பாய். அன்றைக்கு ரோட்டில் இருந்த குழிகளையெல்லாம் நான் முதுகாலேயே எண்ணிவிட்டேன்.

இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவனிடம் நீ சொன்னாய்: "ரப்பர் ஒசரமா இருந்தா குழி ரப்பருக்கு. ஒசரம் கம்மியா இருந்தா குழி உன் முதுகுக்கு. அகல டயரு வளைவுல நல்லாத்தான் புடிக்கும், அதுக்கு ரோடு நல்லா இருக்கணும். மழைத்தண்ணி தேங்குன எடத்துல அகலம் மெதக்கும்பா."

"அப்ப கம்பெனிக்காரன் குடுத்த சைஸே போதும்ங்கற?"

"அவன் இன்னா உன் பங்காளியா, ஒன்ன ஏமாத்தறதுக்கு?"

பழைய சைஸுக்கே திரும்பினேன். வண்டி பழையபடி மெத்தென்று ஓடியது. அதற்குப் பிறகாவது உன்னை நம்பியிருக்க வேண்டும். ஆனால் நல்ல புளி இரண்டு கை தட்டுப்பட்டால் மூன்றாவது கைக்குக் கல் இருக்கும் என்று தேடுகிறவன் நான்.

அப்புறம் அந்தப் பின் சக்கர விஷயம். பவித்ராவுக்குப் பன்னிரண்டு வயசு. இரண்டு டயர் மொட்டையாகி உன்னிடம் வந்தேன். நீ புதுசு இரண்டையும் பின்னால் மாட்ட ஆரம்பித்தாய். மலையில் ஓடுகிற ஒரு ஜீப்பிலோ காரிலோ நான் அதைப் பார்த்ததில்லை. நல்ல டயர் முன்னால், தேய்ந்தது பின்னால். அதுதான் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த சாஸ்திரம்.

"யோவ், முன்னாடி மாட்டு. ஸ்டீரிங் முன்னாடிதான கீது?"

"ஸ்டீரிங் முன்னாடி கீது. பின்னாடி இன்னா கீது?"

"டிக்கி கீது."

"டிக்கிக்கு முன்னாடி?"

 நீயே சொன்னாய்: "உன் பொண்ணு ஒக்கார்ற சீட்டு கீது. கேளு புளி. முன்னாடி வழுக்குச்சின்னா ஒனக்குத் தெரியும். கால எடுப்ப, வண்டி அடங்கும். பின்னாடி வழுக்குச்சின்னா, அப்பறம் வண்டிய நீ ஓட்டல. அது ஒன்ன ஓட்டும்."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வருவதற்குள் மூளை வேலை செய்துவிட்டது. காரில் முன் டயர்தானே சீக்கிரம் தேயும்? ஏற்கெனவே பாதி தேய்ந்ததை முன்னால் போட்டால் ஆறே மாதத்தில் மொட்டையாகும். அப்போது இன்னும் இரண்டு வாங்க உன்னிடம்தான் வரவேண்டும். அட, கலசப்பாக்கத்துக்காரா! மூட்டையின் அடியில் கை பட்டுவிட்டது என்று எனக்கு ஒரே குஷி.

ஞாயிற்றுக்கிழமை, மனைவி சந்தைக்குப் போன நேரம் பார்த்து வேலையில் இறங்கினேன். இருப்பது ஒரே ஜாக்கி. ஸ்டெப்னியை ஒரு பக்கம் மாட்டி, இதைக் கழற்றி அங்கே மாட்டி, அதைக் கழற்றி இங்கே மாட்டி, இடுப்பு ஒடிந்து, நாலு சக்கரத்தையும் முன்பின்னாக மாற்றிவிட்டேன். அப்போதுதான் உன் மஞ்சள் பெயிண்ட் கண்ணில் பட்டது. நீ நட்டை முடுக்கியதும், நட்டையும் சக்கரத்தையும் சேர்த்து ஒரு சின்னக் கோடு இழுப்பாய். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். எல்லாக் கோடுகளும் இப்போது விலகி நின்றன. நீ பார்த்தால் தெரிந்துவிடுமே? பழைய கோட்டையெல்லாம் சுரண்டிவிட்டு, சமையலறையிலிருந்து மஞ்சள் தூளை எடுத்து எண்ணெயில் குழைத்து, ஒவ்வொரு நட்டுக்கும் அழகாகப் பொட்டு வைத்தேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். பூசை போட்ட வண்டி மாதிரி இருந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலாம் நாள் மழை. பவித்ராவுக்கு ஷூ வாங்க ஆலங்காயத்துக்கு இறங்கினேன். அவள் பின் சீட்டில் இருந்தாள். காவலூர் தாண்டி ஒரு இறக்க வளைவில் எதிரே பால் வண்டி வந்தது. பிரேக்கை மிதித்தேன். ஸ்டீரிங் நான் சொன்னதைக் கேட்டது. பின்பக்கம் கேட்கவில்லை. மலை ஒரு சுற்றுச் சுற்றியது. எதிலோ மோதி நின்றபோது கார் நாங்கள் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் ரோட்டோரத் தடுப்புக் கல்லில் சாய்ந்திருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. பவித்ரா அழவில்லை. நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கோரமாக இறங்கிக்கொண்டிருந்தது. "அப்பா, நாம திரும்பிப் போறமா?" என்று கேட்டாள்.

பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கி ஓடி வந்தார்கள். "இன்னாங்க ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை எது தெரியுமா? "டயருங்க. போன வாரந்தான் மாட்டினான். மட்டமான டயரு." மகளின் நெற்றியைத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அதைச் சொன்னேன்.

சாயங்காலம் நீ பன்னும் வாழைப்பழமுமாக வீட்டுக்கு வந்தாய். அவளைப் பார்த்துவிட்டு, வெளியே நின்ற காரிடம் போனாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின் சக்கரத்தின் முன்னால் குந்தி, தேய்ந்த டயரின் மேல் உள்ளங்கையை வைத்தாய். பிறகு நட்டைப் பார்த்தாய். மழையில் மஞ்சள் கரைந்து வழிந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாய். விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாய்.

"பாப்பாவுக்கு எத்தினி தையல்?"

"மூணு."

"ஜாக்கி எடுத்துட்டு வா," என்றாய். சக்கரங்களை இருக்க வேண்டிய இடத்துக்கு மாற்றிவிட்டுப் போய்விட்டாய். 

நான் பஸ்காரர்களிடம் சொன்னது மறுநாளே மலை முழுக்கப் பரவிவிட்டது. ஒரு வாரம் கழித்து டீக்கடையில் நாம் இருவரும் நின்றிருந்தபோது ஒரு ஜீப் டிரைவர் உன்னிடம் நேராகவே கேட்டார்: "இன்னாபா, உன் டயராலதான் புளிக்காரரு வண்டி சுத்திச்சாமே?" நீ என்னைப் பார்த்தாய். நான் டீயை ஊதினேன். ஆறிப்போன டீயை அவ்வளவு அக்கறையாக ஊதியவன் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். நீ அவரிடம், "மழைல எதுவும் சுத்தும்," என்றாய். அதற்குப் பிறகு ஜீப்காரர்கள் சிலர் டயர் மாற்றக் கீழே போக ஆரம்பித்தார்கள். அதையும் நீ சொல்லிக்காட்டவில்லை.

நல்ல மனுஷனாக இருந்தால் அன்றைக்கே உன் காலில் விழுந்திருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் மௌனத்தையும் சந்தேகப்பட்டேன். எதற்கோ சேர்த்து வைக்கிறான், ஒருநாள் பெரிதாக ஒன்று கேட்கப்போகிறான் என்று காத்திருந்தேன். "ஒரு உதவி பண்றியா?" என்று நீ ஆரம்பிக்கும்போதெல்லாம், இதோ வந்துவிட்டது என்று நினைப்பேன். நீ கேட்டதெல்லாம் கலசப்பாக்கம் போகிற வழியில் இறக்கிவிட முடியுமா, வீட்டுக்கு நல்ல புளியாக இரண்டு கிலோ எடுத்து வைப்பாயா, இவ்வளவுதான். பெரிய கேள்வி வரவே இல்லை. நீ இருந்தவரை என் காருக்கு நீதான் டயர் மாட்டினாய். புதுசைப் பின்னால்தான் மாட்டினாய். நான் எதிர்த்துப் பேசியதில்லை. நாமிருவரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

பவித்ரா அந்த விபத்துக்குப் பிறகு என் காரில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். எங்கே போனாலும் அம்மாவோடு பஸ்தான். சில மாதம் கழித்து ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், அவளாகவே கதவைத் திறந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள். நான் ஓட்டுகிற லட்சணத்தின் மேல் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பெருமை அடித்தேன். உன்னிடமும் அடித்தேன். நீ, "பாப்பா தைரியசாலி," என்றாய்.

நெஞ்சுவலியில் நீ போனபோது கலசப்பாக்கத்துக்கு வந்திருந்தேன். உன் வீட்டம்மா என்னைப் பார்த்ததும், "உங்களப் பத்தி நெறைய சொல்லுவாருங்க," என்று அழுதார். என்ன சொன்னான், எல்லாவற்றையும் சொல்லிவிட்டானா என்று, மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா முகத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தேன். உன் சாவிலும் என் வேலை அதுதான்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். கடைக்காரர் ஜாக்கியோடு நிற்கிறார். நான் வாயைத் திறக்காவிட்டால் புது டயர் முன்னால் போகும். தேய்ந்ததைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஓட்டப் பழகி மூன்றே மாதமான என் மகள் மழையில் அந்த இறக்கத்தில் தினமும் தனியாக இறங்குவாள். நீ சொன்ன காரணத்தைச் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். உன்னை நம்பாமல் இருக்க அவளைப் பழக்கியவனே நான்தான்.

"பவி, அன்னிக்கி மாமா பின்னாடிதான் மாட்னாரு. நான்தான் வூட்டுக்கு வந்து முன்னாடி மாத்திட்டேன்."

"எத?"

"புது டயர. வண்டி சுத்துனப்ப பின்னாடி இருந்தது தேஞ்ச டயரு."

"ஏம்பா?"

காரணத்தைச் சொன்னேன். இன்னும் இரண்டு டயர் விற்க நீ போட்ட திட்டம் என்று நான் கண்டுபிடித்ததை. மஞ்சள் குழைத்ததையும் சொல்லிவிட்டேன். கடைக்காரர் அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். நானும் கொஞ்சம் சிரித்தேன், வழக்கமாக வீட்டில் இப்படி ஏதாவது சொன்னால் அவளும் சிரிப்பாளே என்று. அவள் சிரிக்கவில்லை.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

அவள் அங்கே கிடந்த ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே சொன்னாள்: "நான் அவரு கடைக்குப் போயி சண்ட போட்டேம்பா. ஸ்கூல் விட்டு வர்றப்ப. ஒங்க டயராலதான் எனக்கு அடிபட்டுச்சுன்னு எல்லார் முன்னாடியும் கத்துனேன்."

எனக்கு அது தெரியாது. "அவன் இன்னா சொன்னான்?"

"எழுந்து நின்னாரு. 'ஆமா பாப்பா, தப்பு என்னுதுதான். மாமாவ மன்னிச்சிடு'ன்னாரு. 'இப்ப நல்லா பாத்து மாட்டிட்டேன். ஒங்கப்பா நல்லா ஓட்டுவாரு, பயப்படாம போ'ன்னாரு." அவள் குரல் உடைந்தது. "அதுக்கப்பறந்தாம்பா நான் நம்ம கார்ல ஏறுனேன்."

கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாதபோதும் திரும்பிப் போய் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். பவித்ரா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பின்னாடியே மாட்டுங்கண்ணா," என்றாள்.

மலையேறும்போது அவள்தான் ஓட்டினாள். வீடு வரை என் பக்கம் திரும்பவில்லை.  நீ கேட்ட அந்த மன்னிப்பு என்னுடையது. எனக்குப் பதிலாக, ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளையிடம், கடை வாசலில் ஜனங்கள் பார்க்க நீ கேட்டுவிட்டாய். அதைத் திருப்பித் தரலாமென்றால் நீ இல்லை. நீ எனக்காக எதைச் சேர்த்து வைத்திருக்கிறாய் என்று இத்தனை வருஷம் பயந்தேன். இதுதான் அது.

திங்கட்கிழமை காலை தூறல். அவள் கிளம்புவதற்கு முன்னால் நானே நாலு சக்கரத்துக்கும் காற்று சரிபார்த்து வைத்திருந்தேன். "காத்து பாத்துட்டேம்மா," என்றேன்.

"சரிப்பா," என்றாள். சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து காற்று பார்க்கிற ஒரு சின்ன மீட்டரை எடுத்தாள். எப்போது வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. முன் சக்கரத்தருகே குந்தி, வால்வு மூடியைத் திருகி எடுத்து, பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அளந்தாள். மூடியைக் கேட்டாள், கொடுத்தேன். இப்படியே நாலு சக்கரமும். பிறகு, "சரியாத்தாம்பா இருக்குது," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

இன்றைக்கு வியாழன். தினமும் காலையில் இதே சடங்குதான். என் வார்த்தையை அவள் அளந்து பார்க்காமல் நம்புவதில்லை. ஆயுசு முழுக்க ஊரைச் சந்தேகப்பட்டவனுக்கு, வீட்டிலேயே ஒரு ஆள் கிடைத்துவிட்டாள். நான் அதை மறுப்பதாக இல்லை. உன் டயரைப் பற்றி நான் கட்டிய கதை, என் மகள் கண்ணெதிரே அவிழ்ந்துவிட்டது. என் பேச்சு சரிதானா என்று அவள் பார்த்து முடிக்கும் வரை, உள்ளங்கையில் ஒரு ரப்பர் மூடியோடு தூறலில் நின்றுகொண்டிருக்கிறேன். அவள் கையை நீட்டும்போது கொடுக்கிறேன்.